நின்றவர் புது ஆள்

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு முதல் பன்னிரண்டரை வரை 2,316 பேர். எண்ணும் கருவியை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மரத்துவிட்டது. ஜெராக்ஸ் கடை மாடியில் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கீழே சாலையைக் கடக்கும் வரிக்கோடுகள் முழுவதும் தெரிகின்றன, நடுத்திட்டு தெரிகிறது, இரண்டு பக்கத்து சிக்னல் கம்பங்களும் தெரிகின்றன. எண்ணுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இயந்திரத்தின் சூடு மட்டும் தரை வழியாகப் பாதத்துக்கு ஏறுகிறது.

நடப்பவர்களுக்கான பச்சை இங்கே பதினைந்து நொடி. போதவில்லை என்று அக்கம்பக்கத்தார் மனு கொடுத்திருக்கிறார்கள். போதுமா, போதாதா என்று இந்த மாதக் கடைசிக்குள் எங்கள் பிரிவு சொல்ல வேண்டும். எங்கள் பிரிவு என்றால் நான்தான். பதினோரு வருடமாக எந்தச் சந்திப்பில் எத்தனை நொடி பச்சை என்று முடிவானதெல்லாம் என் தாளை வைத்துத்தான்.

இந்த முறை என்னோடு இன்னொரு பெண்ணையும் அனுப்பியிருக்கிறார் பிரிவுத் தலைவர். முப்பது வயது இருக்கும். அவள் எண்ண மாட்டாளாம், கேட்பாளாம். கீழே அட்டையும் தாளுமாக நின்றுகொண்டு, கடந்து வருகிறவர்களிடம் முதல் கேள்வி: “சாலையைக் கடப்பது உங்களுக்குச் சௌகரியமாக இருக்கிறதா?” சௌகரியமாம்! ரோட்டில் மெத்தை விரித்துக் கொடுக்கலாம். பேர் வைத்துவிட்டேன் அவளுக்கு. சௌகரியம்.

நான் வீடு திரும்புவதற்குள் வீட்டுக்காரர் கிளம்பிப் போயிருந்தார். இந்த மாதத்திலிருந்து இவருக்கு வகுப்பு மதியம் ஆகிவிட்டது. “பசங்க மதியம்தான் வர்றாங்க” என்றார். இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகு பலகையில் எழுதிப் போடும் பாடம் மட்டும்தான். பயிற்சிப் பள்ளி இதே ரோட்டில், எதிர்ப்பக்கம். வாடகை வண்டி வாசலிலேயே இறக்கிவிடுகிறது, மாலையில் பயிற்சிக் காரிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த மட்டில் கவலை இல்லை.

மார்ச் 5, வியாழன்

சௌகரியம் என்னை “அக்கா” என்கிறாள். யார் கேட்டார்கள்?

மார்ச் 9, திங்கள்

பிரிவுத் தலைவர் வந்திருந்தார். எப்போதும் நேரே என்னிடம்தான் வருவார், “என்னம்மா, எத்தனை?” என்பார். இன்றைக்கு நாற்பது நிமிடம் கீழேயே நின்றார். அவள் தாள்களைப் புரட்டிப் புரட்டிக் காட்ட, தலைவர் தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார். “ரொம்ப நுணுக்கமா இருக்கே!” என்றது மாடி வரை கேட்டது. பிறகு படியேறி வந்து, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்து, “எல்லாம் சரியாப் போகுதா?” என்றார். சரியாகப் போகாமல்? என்றைக்குக் கோணலாகப் போயிருக்கிறது?

எனக்கு வயிறு எரிகிறது. இதில் எழுதினால் என்ன, வேறு யார் படிக்கப் போகிறார்கள். எரிகிறது.

அவள் வீட்டிலிருந்து இரண்டு மடக்கு முக்காலி கொண்டு வந்திருக்கிறாள். ஒன்று அவளுக்கு, ஒன்று பேசுகிறவர்களுக்கு. ஜனங்களும் ஏதோ சொந்தக்கார வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் எண்ணுகிறவர்களுக்கு நான் எண்ணுவதே தெரியாது. இத்தனை நாள் அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.

மதியம் நான் கிளம்புமுன் மாடிக்கு வந்து கேட்டாள்: “அக்கா, நடுத்திட்டுல நின்னுடறவங்களை எப்படி எழுதுவீங்க?” 

சொன்னேன். ஒருவர் ஓரத்திலிருந்து காலெடுத்து வைத்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும், எதிரே ஏறியதும் நிறுத்த வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். திரும்ப அவர் நடக்கத் தொடங்கும்போது அவர் புது ஆள். கூட்டத்தில் யார் எங்கிருந்து வந்து நின்றார் என்று தேடிக்கொண்டிருந்தால் அடுத்த பச்சை கைவிட்டுப் போய்விடும். நின்றவர் புது ஆள். வேலைக்குச் சேர்ந்த வருடம் நானே போட்ட விதி. பயிற்சித் தாளில் அச்சிட்டே கொடுக்கிறார்கள்.

“ஓஹோ” என்றாள். அந்த ஓஹோ எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

மாலை இவர் வீட்டுக்கு வந்தபோதே முகம் தெளிவாக இருந்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “உங்க ஆபீஸ் பொண்ணு ஒண்ணு கீழ நிக்குதே, நல்லாப் பேசுது.”

“நீங்க எங்க பார்த்தீங்க?”

“வண்டியை விட்டு இறங்கும்போதுதான்.”

“என்ன பேசிச்சு?”

“சும்மாதான்.”

சும்மாதானாம். விழுந்ததிலிருந்து இந்த மனுஷனிடம் மூன்று வார்த்தைக்கு மேல் நான் பிடுங்க முடிந்ததில்லை. வலிக்குதா என்றால் இல்லை. மாத்திரை போட்டீங்களா என்றால் ம். அங்கே மட்டும் வாய் திறந்திருக்கிறது. அலுவலகத்தில் என் இடத்தைப் பிடித்தது போதாதென்று வீட்டுக்குள்ளும் அவள் பேச்சு. நல்லாப் பேசுதாம்! நான் என்ன ஊமையா?

தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். கவனித்தாரா என்று தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஜெராக்ஸ் கடைக்காரர் போகிறபோக்கில் சொன்னார்: “நேத்து மதியம் நீங்க போனதும் அந்தப் பொண்ணு ஒரு ஆளை உட்கார வெச்சு அரை மணி நேரம் பேசிக்கிட்டிருந்துச்சு. அந்த ஆளு கண்ணெல்லாம் தொடைச்சுக்கிட்டாரு.”

அரை மணிக்கு ஒரு ஆள்! அதற்குள் நான் இருநூற்றைம்பது பேரை எண்ணியிருப்பேன். கண்ணீர் விடவைப்பதற்கா சம்பளம்? இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். நாள், நேரம் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

கூட்டம் முடிந்தது. ஜெயித்தேன்.

என் அட்டவணை: சராசரியாகக் கடக்கும் நேரம் 12 நொடி. பதினைந்து நொடிப் பச்சை தாராளம். அவள் அட்டவணையில், கேட்ட நூற்றுப்பத்துப் பேரில் எழுபது பேர் “பயமாக இருக்கிறது” என்றிருக்கிறார்கள். போக்குவரத்துப் பொறியாளர் ஏற்கெனவே சிடுசிடுவென்று இருந்தார். நடப்பவர்களுக்கு ஒரு நொடி கூட்டினாலும் வண்டிகள் அடுத்த சந்திப்பு வரை வரிசை கட்டும் என்பது அவர் கவலை.

நான் எழுந்து சொன்னேன்: “சார், பயமா இருக்கான்னு கேட்டா யாருதான் இல்லைன்னுவாங்க? உட்கார வெச்சு அரை மணி நேரம் கேட்டா நானே அழுவேன். எண்ணிக்கைக்கு அழத் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். பதினைந்து நொடியே தொடரட்டும், நேர்காணல்களைப் பின்னிணைப்பாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். இருபத்தைந்தாம் தேதி கையெழுத்து. சௌகரியம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 17, செவ்வாய்

நேற்றைய சந்தோஷம் காலை வரைகூடத் தாங்கவில்லை. பின்னிணைப்புக்காக அவள் தாள்களை நான்தான் சரிபார்த்துக் கொடுக்க வேண்டுமாம். பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். நூற்றுப்பத்தில் பத்துத் தாளாவது அவளே உட்கார்ந்து எழுதினதாக இருக்கும். கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

மார்ச் 18, புதன்

63ஆம் தாள்.

பேர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். ஆண். வயது 54. வேலை: கார் ஓட்டப் பயிற்சி. இடது இடுப்பில் அறுவை சிகிச்சை. மார்ச் 11, மதியம் 1.10.

அவள் கையெழுத்தில் அப்படியே இவர் பேச்சு. பார்த்து எழுதுகிறேன்.

எப்படி இந்தப் பக்கம் வருவீர்கள்? — வண்டி வீட்டுல இருந்து வர்ற பக்கமே இறக்கிடும். சுத்தி வந்து அந்தப் பக்கம் விட மாட்டாங்க.

கடக்கும் முன் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? — மூணு பச்சை, நாலு பச்சை விட்டுடுவேன். பக்கத்துல யாராவது மெதுவா நடக்கறவங்க வந்தா அவங்களோட போவேன்.

முழுதும் கடக்க முடிகிறதா? — பாதிதான். நடுவுல கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ரெண்டு பக்கமும் வண்டி உரசிட்டுப் போகும். ஜீப்ரா கோட்டுல எப்படி நிறுத்தணும்னு இந்த ஊருக்கே சொல்லிக் குடுத்தவன் நான்.

எந்த நேரத்தில் கடப்பீர்கள்? — ஒரு மணிக்கு மேல. வகுப்பை மாத்தி வாங்கிக்கிட்டேன்.

ஏன்? — பன்னண்டரை வரைக்கும் எங்க வீட்டம்மா அந்த ஜன்னல்ல உட்கார்ந்து எண்ணுவாங்க. நான் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறது அவங்க கண்ணுல பட வேணாம்.

இதை வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா? — இல்ல. நீங்கதான் கேட்டீங்க.

நீங்கதான் கேட்டீங்க. நீங்கதான் கேட்டீங்க.

நான் கேட்கலையா? வலிக்குதான்னு தினம் கேட்டேனே! மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா, அங்க போய்ச் சேர்ந்தீங்களா — எல்லாத்தையும் கேட்டேனே. பயமா இருக்கான்னு கேட்கலை. அதைக் கேட்கறது ஒரு வேலையான்னு கூட்டத்துல கேலி வேற பண்ணேன்.

அவளுக்குத் தெரியும். பதினொன்றாம் தேதியே தெரியும். கூட்டத்தில் நான் எழுந்து நின்று சிரிக்கவைத்தபோது இந்தத் தாள் அவள் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை, “உங்க வீட்டுக்காரர்தான் அக்கா” என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவளிடமே இருந்து தொலைக்கட்டும்.

இவர் அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை. என் புருஷன் மனசில் இருப்பதை இன்னொருத்தி கையெழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

பன்னிரண்டரைக்குக் கிளம்பவில்லை. கடைக்காரரிடம் தாள் எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

1.06க்கு வண்டி வந்தது. வீட்டிலிருந்து வரும் பக்கமே இறங்கினார். பச்சை வந்தது, எல்லோரும் போனார்கள், இவர் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நின்றார். அடுத்த பச்சைக்குச் சட்டைப் பையைத் தடவினார். மூன்றாவது பச்சைக்கு யாரையோ தேடுவதுபோல் திரும்பிப் பார்த்தார். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்றாலும் நிற்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது இவருக்கு.

நான்காவதில் காலெடுத்து வைத்தார். நடுத்திட்டை அடைவதற்குள் பச்சை மினுங்க ஆரம்பித்துவிட்டது. கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு பேருந்து போனபோது சட்டை பறந்தது. தொண்ணூறு நொடி. பிறகு மறுபாதி.

அவர் ஏறியபிறகுதான் குனிந்து என் கையைப் பார்த்தேன். பழக்க தோஷம், இரண்டு முறை நேரம் எடுத்திருக்கிறேன். ஸ்டாப்வாட்சில் முதல் பாதி 12 நொடி, இரண்டாம் பாதி 11 நொடி. இரண்டு ஆட்கள். இரண்டு பேருமே பதினைந்துக்குள் கடந்துவிட்டார்கள். இரண்டு பேருமே சராசரியைவிட மோசமில்லை.

அப்போதுதான் உறைத்தது. நடக்க முடியாதவர்கள்தான் நடுவில் நிற்கிறார்கள். நிற்கிறவர்களை நான் இரண்டாக வெட்டுகிறேன். வெட்டினால் இரண்டு பேரும் வேகமானவர்கள். இந்த ரோட்டில் தடுமாறுகிற ஒவ்வொருவரும் பச்சையைக் கூட்ட வேண்டாம் என்று இரண்டு ஓட்டுப் போட்டிருக்கிறார், என் தாளில். பதினோரு வருடமாக. எத்தனை சந்திப்பு!

அந்த ஓஹோவுக்கு இப்போது அர்த்தம் தெரிகிறது.

மார்ச் 20, வெள்ளி

காலையில் கண்ணாடி முன் நின்று யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் புதன்கிழமை கையெழுத்தாகிவிடும். விதி தப்பு என்று என்னைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும், அவளும் சொல்கிற ஜாதியில்லை. சொன்னால்? அவள்தான் சரி என்று நானே போய்த் தலைவர் மேசையில் வைக்க வேண்டும். இவர் போய் அவளிடம் அழுதது போதாதென்று நானும் போய் அவள் கொடியைப் பிடிக்க வேண்டும்.

அரை மணி நேரம் புழுங்கினேன். அப்புறம் போய்ச் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “பதினோரு வருஷமாவா?”

“ஆமா சார்.”

“அந்த விதியைப் பயிற்சித் தாள்ல அச்சடிச்சதே நான்தானேம்மா.”

“எழுதிக் கொடுத்தது நான் சார்.”

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுத்து அவளை வரச்சொன்னார். கையெழுத்து நிறுத்திவைப்பு. புது விதியோடு மூன்று வாரம் மறுபடி எண்ணிக்கை. பொறுப்பு அவள். நான் அவளுக்குக் கீழே.

“உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?” என்று கேட்டார். நிறைய இருந்தது. இல்லை என்றேன்.

மார்ச் 21, சனி

விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தோம். இவர் உட்கார்ந்தபடி கொடுக்க நான் அடுக்கினேன்.

“காலை வகுப்பே வாங்கிக்குங்களேன்” என்றேன்.

கை நின்றது. “அந்தப் பொண்ணு சொல்லிச்சா?”

“அது எங்க சொல்லும். நானே பார்த்தேன். வியாழக்கிழமை மதியம் நான் போகலை.”

தலையணை உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“என்னை எத்தனைன்னு எண்ணின?”

“ரெண்டு.”

“ரெண்டா?”

“ரெண்டு ஆளு. பதினொண்ணு, பன்னண்டு நொடி. நல்ல வேகம்.”

முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, இடுப்பு வலிக்க, வேணாம் வேணாம் என்று கையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது இரண்டு பேருக்குமே கண் நனைந்திருந்தது.

“அவகிட்ட சொன்னீங்களே, என்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன். கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

“அந்தப் பொண்ணு தாளை எடுத்துக்கிட்டுப் போயிடும். நீ தினம் என்னைப் பார்ப்பியே.”

அடுத்த சட்டையைக் கொடுங்கள் என்றேன்.

மார்ச் 23, திங்கள்

சௌகரியத்திடம் நேராகவே கேட்டேன்: “உனக்குத் தெரியுமே, கூட்டத்துல ஏன் சொல்லல?”

“அவர் சொல்ல வேணாம்னார் அக்கா.”

“நான் உன்னை அத்தனை பேர் முன்னால கேலி பண்ணேனே?”

“வீட்டுக்குப் போய் அழுதேன்” என்றாள், மழை பெய்தது என்று சொல்வதுபோல. “நீங்க மட்டும் அந்த விதி தப்புன்னு எடுத்துச் சொல்லலைன்னா யாரும் என்னை நம்பியிருக்க மாட்டாங்க. எனக்கு எண்ண வராது அக்கா. பத்துப் பேருக்கு மேல குழம்பிடுவேன்.”

இது கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்று தோன்றியது.

ஏப்ரல் 2, வியாழன்

நடுவில் நிற்கிறவரைக் கண்ணை எடுக்காமல் பிடித்துவைத்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும். நான் மேலே, அவள் கீழே. கைப்பேசியில், “நீலச் சட்டை, இன்னும் நிக்கறார்” என்பாள். “தெரியுது, தெரியுது” என்பேன். நிற்பதையும் சேர்த்தால் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பொறியாளர் தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகத்தான் வந்தது.

இவர் இன்னும் மதியம்தான் போகிறார். நான் வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

இன்றிலிருந்து இருபத்தெட்டு நொடி. ஒரு மாதம் சோதனைக்கு. மற்ற சந்திப்புகளையும் ஒவ்வொன்றாக மறுபடி எண்ணப் போகிறோம், பட்டியலில் நாற்பத்தொன்று இருக்கின்றன. காலை உணவின்போது இவரிடம் சொன்னேன். ம் என்றார்.

ஏப்ரல் 22, புதன்

10.14க்கு, நீலச் சட்டையையும் பச்சைப் புடவையையும் ஒன்றாகக் கண்ணால் துரத்திக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் இவர் நிற்கிறார். காலையில். என் நேரத்தில். வெளுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு.

ஒரு பச்சைகூட விடவில்லை. வந்ததும் இறங்கிவிட்டார். பதிமூன்று நொடியில் நடுத்திட்டு. அங்கே வந்ததும் பழக்கத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பச்சை எரிந்துகொண்டேயிருக்கிறது, இவர் நின்றுகொண்டேயிருக்கிறார்.

எண்ணுகிறவர் வாய் திறக்கவே கூடாது. எண்ணப்படுகிறவருக்குத் தெரியக் கூடாது. நான்தான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, “நடங்க! இன்னும் பதினாலு நொடி இருக்கு, நடங்க!” என்று கத்திவிட்டேன். ரோடே அண்ணாந்து பார்த்தது. பேருந்து ஓட்டுநர்கூட எட்டிப் பார்த்தார்.

இவர் கம்பத்தை விட்டார். நடந்தார். பச்சை அணைவதற்கு முன் அந்தப் பக்கம் ஏறிவிட்டார். ஏறியதும் முதலில் சௌகரியத்தைப் பார்த்துத்தான் கையசைத்தார். எரியாமல் இல்லை. பிறகு மேலே பார்த்தார். கையெல்லாம் அசைக்கவில்லை. அடுத்த பச்சை வரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

குறிப்புப் பத்தியில் எழுதினேன்: “10.14 முதல் 10.17 வரை செல்லாது. எண்ணுபவர் குறுக்கிட்டார்.” சௌகரியம் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் இவர் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நாளைக்குக் கத்தாத. என் கிளாஸ் பசங்க எல்லாம் பார்த்துட்டாங்க” என்றார்.

சரி என்றேன்.